பல்வரிசைப் பேராசான் எட்வர்டு ஆங்கிள்

பல்லை முத்தென்றும் முல்லையரும்பென்றும் பாடி மகிழ்தல் நந்தமிழ்ப் புலவரின் தொன்றுதொட்ட வழக்கு. ஆயின் முத்தும் முல்லையும் கோப்பவன் கையால் வரிசைப்படுவன. பற்களோ தாமே முளைத்துத் தத்தமக்கு இடந்தேடிக்கொள்வன. இடம் போதாதவழி ஒன்று முன்னும் ஒன்று பின்னுமாக நெருக்குண்டு நிற்கும். தெற்றுப்பல் என்றும் எத்துப்பல் என்றும் அவற்றிற்கு ஊரார் இட்ட பெயர்களில் ஏளனமும் சிறிது கலந்துளது. இக்காலத்தில் நம் வகுப்பறைகளிலும் விடுதியிலும் பல்லிற் கம்பி பூட்டிய முகம் ஒன்றிரண்டேனும் காணப்படாத ஆண்டில்லை. அக்கம்பியை அணிந்தாரும், அணிந்தாரைக் கண்டு நகைப்பாரும், அதனைப் பூட்டும் கலையை ஒரு தனிக் கலையாக்கி நிறுத்திய மனிதரின் பெயரை அறிந்திலர். அவர் அமெரிக்க நாட்டு எட்வர்டு ஹார்ட்லி ஆங்கிள் என்பார். அவர்தம் வரலாற்றை இங்குச் சிறிது கூறப் புகுகின்றோம்.

அவர்க்கு முன்பு இக்கலையே இல்லையென்று கூறுதல் பொருந்தாது. பிரெஞ்சு நாட்டுப் பல் மருத்துவர் பியேர் ஃபோசார் என்பார் 1728-ஆம் ஆண்டில் வெளியிட்ட பெருநூலில், குதிரை லாடம்போல் வளைந்த உலோகத் தகடொன்றைப் பற்களின் புறத்தே வைத்து, கோணிய பற்களை நூலால் அதனோடு கட்டி இழுத்து நேராக்கும் முறையை விளக்கியுள்ளார். அவர்க்குப் பின் வந்தோர் தகட்டுக்கு மாறாகக் கம்பியும், நூலுக்கு மாறாகத் திருகும் கொண்டனர். எனினும் நூற்றைம்பது ஆண்டுகள் கழிந்த பின்னரும் இது கைத்திறனாய் இருந்ததேயன்றிச் சாத்திரமாகவில்லை. ஒவ்வொரு மருத்துவரும் தாமே பொற்கொல்லராகி, ஒவ்வொரு வாய்க்கும் புதிதாக ஒரு பொறியை வளைத்துச் செய்ய வேண்டியிருந்தது. எப்பல் எங்கு நிற்பதே முறையென்பதற்கு ஒப்பமுடிந்த அளவுகோல் ஒன்றும் இல்லை. முன்பற்கள் பார்வைக்கு நேராக நின்றாற் போதும், பின்பற்கள் எக்கேடு கெட்டாலென் என்பதே பெரும்பாலார் கருத்து. இடம் போதாவிடின் ஒரு பல்லைப் பிடுங்கி எறிவர், வேலை முடிந்தது.

ஆங்கிள் 1855-ஆம் ஆண்டு ஜூன் முதல் நாளில் பென்சில்வேனியா மாநிலத்து ஹெரிக் என்னுஞ் சிற்றூரில் உழவர் குடியிற் பிறந்தார். உடன்பிறந்தார் எழுவருள் ஐந்தாமவர். ஏட்டுக் கல்வியினும் கருவி செய்வதிலேயே இளமையில் அவருக்கு நாட்டம் மிகுதி. அக்காலத்து வழக்கப்படி முதலில் ஒரு பல் மருத்துவரின் பக்கத்திலிருந்து தொழில் பயின்று, பின் பிலடெல்பியா நகரத்துப் பல் மருத்துவக் கல்லூரியிற் சேர்ந்து 1878-இல் பட்டம் பெற்றார். டோவாண்டா என்னும் ஊரில் தொழில் தொடங்கினார். நெஞ்சு நோய் பற்றவே, குளிர்ந்த உலர்காற்றை நாடி மேற்கு நோக்கிச் செல்லலானார். மாண்டானாப் புல்வெளியில் ஆட்டு மந்தை வளர்த்துப் பிழைக்கலாம் என்று எண்ணிப் பல் மருத்துவத்தைக் கைவிட்டதும் அப்போழ்துதான். கொடும்பனிக் காலமொன்று வந்து மந்தையை அழித்தது. கைப்பொருள் இழந்தவராய் மின்னியாபொலிஸ் நகருக்கு மீண்டு, விட்ட தொழிலையே மறுபடியும் பற்றினார். அப்பனி பெய்யாதிருந்தால் உலகம் ஒரு நல்லாயனைப் பெற்றிருக்கும். தெற்றுப்பல்லினர் ஓர் ஆசானை இழந்திருப்பர்.

மின்னசோட்டாப் பல்கலைக்கழகத்தில் 1886 முதல் ஆறு ஆண்டுகள் அவர் ஆசிரியராக இருந்தார். அங்குதான் அவர்தம் கொல்லன் கை விழித்துக்கொண்டது. ஒவ்வொரு நோயாளிக்கும் ஒரு பொறி புதிதாகச் செய்வதேன், சில உறுப்புக்களை முன்னரே செய்து வைத்துக்கொண்டு வேண்டியவாறு இணைத்தால் ஆகாதோ என்று எண்ணினார். ஜெர்மன் வெள்ளியால் வளையங்கள், குழாய்கள், திருகுகள், மரைகள், வில்போல் வளைந்த கம்பிகள் என்று ஒரு தொகுதியை வகுத்தார். பொன்வேலை அறியாத மருத்துவரும் அவற்றை விலைக்கு வாங்கிப் பூட்டலாம். 1887-இல் வாஷிங்டன் நகரிற் கூடிய ஒன்பதாம் அனைத்துலக மருத்துவ மாநாட்டில் இம்முறையை எடுத்துரைத்தார். இளைஞர் ஒருவர் தம் முறையே முறையென்று நிமிர்ந்து பேசியது அவையிலிருந்த மூத்தோர்க்கு உவப்பளிக்கவில்லை. எதிர்ப்பு எழுந்தது. அன்று தொடங்கிய வழக்காடல் அவர் வாழ்நாளின் இறுதிவரை ஓயவேயில்லை. அவ்வாண்டில் சில பக்கங்களேயாக வெளிவந்த அவருடைய குறிப்பு, பதிப்புக்குப் பதிப்பு பெருகி, 1907-இல் ஏழாம் பதிப்பாகப் பெருநூலாயிற்று.

ஈண்டு ஓர் ஐயம் எழும். எலும்பிற் புதைந்த பல் நகர்வதெங்ஙனம்? பல்லின் வேர் எலும்பில் ஆணிபோல் இறுகியிருப்பதன்று. வேருக்கும் எலும்புக்கும் இடையே மெல்லிய நார்ப்படலம் ஒன்றுளது. கம்பி ஒருபுறமிருந்து மெல்ல அழுத்துங்கால், அழுத்தம் விழும் பக்கத்து எலும்பை உடல் தானே சிறிது சிறிதாகக் கரைக்கின்றது. நார் இழுபடும் மறுபக்கத்தில் புதிய எலும்பை இடுகின்றது. இவ்வாறு பல் தன் குழியையும் உடன்கொண்டு நகர்கின்றது எனலாம். விரைவுபடுத்த விரும்பி அழுத்தத்தை மிகுதியாக்கினால் படலத்தின் குருதியோட்டம் தடைப்பட்டு நகர்ச்சி தாழும், வேரும் கெடக்கூடும். மாதக்கணக்கில், ஆண்டுக்கணக்கில் கூடச் சிகிச்சை நீள்வதற்குக் காரணம் இதுவே. நேரான பின்னரும் நார்கள் பழைய இடத்துக்கே இழுக்கும். ஆதலால் தாங்குகருவி ஒன்றைச் சில காலம் அணிதல் வேண்டும். கம்பி கழற்றிய மகிழ்ச்சியில் அதனைப் பெட்டியிற் போட்டு மறப்பார், ஈராண்டில் பழைய பல்லைக் கண்ணாடியிற் காண்பர்.

ஆங்கிளின் பெயரை நிலைநிறுத்தியது அவர் செய்த பொறிகளினும், 1899-இல் அவர் வெளியிட்ட பாகுபாடே என்பது எம் கருத்து. அதன் எளிமை வியக்கத்தக்கது. குழந்தைக்கு ஏறக்குறைய ஆறாம் வயதில், பாற்பற்களுக்குப் பின்னே, எதனையும் விழச்செய்யாமல் முளைக்கும் முதற் பெருங்கடைவாய்ப்பல்லை அவர் வாய்க்குத் திறவுகோலாகக் கொண்டார். மேல்தாடையில் உள்ள அப்பல்லின் முன்புறத்து வெளிமுகடு, கீழ்த்தாடையில் உள்ள அதன் இணைப்பல்லின் வெளிப்பள்ளத்தில் வந்து பொருந்துதல் வேண்டும். அங்ஙனம் பொருந்தி, ஏனைய பற்கள் மட்டும் கோணி நிற்பின் முதல் வகுப்பு. கீழ்ப்பல் உரிய இடத்திற்குப் பின்னே நிற்பின் இரண்டாம் வகுப்பு. மேல் முன்பற்கள் வெளியே துருத்தி நிற்பதும், உள்ளே சாய்ந்து நிற்பதும் என்று அதற்கு உட்பிரிவு இரண்டு. கீழ்ப்பல் முன்னே சென்று, கீழ்த்தாடை முந்தி நிற்பின் மூன்றாம் வகுப்பு. அவ்வளவே. எழுத்தெண்ணிப் படித்த இலக்கண மாணவராகிய எமக்கு இதனைக் காணுந்தோறும் ஒரு நூற்பாவைக் கண்ட மகிழ்ச்சி உண்டாகின்றது. நோய் பல்லாயிரம் வடிவில் தோன்றினும் ஆசிரியன் அதனை மூன்றில் அடக்கினான்.

இப்பாகுபாட்டிற் குறையில்லாமலில்லை. அது பக்கவாட்டில் நின்று முன்பின் உறவை மட்டும் நோக்குவது. தாடை அகலம் போதாமையையும், மேல் கீழ்ப் பற்கள் கூடாது வாய் திறந்து நிற்பதையும் அது கூறாது. முகவெலும்பின் அமைப்பையும் அது காணாது. ஊடுகதிர்ப் படத்தால் மண்டையோட்டை அளக்கும் முறை ஆங்கிள் இறந்த பின்னரே பரவிற்று. அங்ஙனமாகவும், இன்றும் நம் ஊர்களில் கம்பி கட்டும் மருத்துவர் வாயைத் திறக்கச் சொல்லி முதலிற் கன்னத்தை ஒதுக்கிப் பார்ப்பது அக்கடைவாய்ப்பல்லைத்தான். குறிப்பேட்டில் அவர் எழுதுவது ஆங்கிள் முதல் வகுப்பு, இரண்டாம் வகுப்பு என்றுதான். ஊரில் மருத்துவரைத் தேடும் மாணவர்க்கு ஒரு சொல்: பல் மருத்துவர் எல்லாரும் இக்கலையிற் சிறப்புப் பயிற்சி பெற்றவரல்லர். பொதுப் பட்டத்தின்மேல் இதற்கென்றே மூன்றாண்டு முதுகலை பயின்றார் உளரா என்று கேட்டறிதல் நன்று. கம்பி பூட்டுமுன் பற்களின் அச்செடுத்தும் படமெடுத்தும் ஆராய்கின்றாரா என்றும் காணல் வேண்டும்.

இங்ஙனம் ஒரு தனிப் பயிற்சி உண்டாயதும் ஆங்கிளாலேயே. 1892 முதல் அவர் வேறு பல்வேலை எதனையும் தொடாமல் வரிசைப்படுத்தல் ஒன்றனையே தொழிலாகக் கொண்டார். செயின்ட் லூயிஸ் நகருக்குக் குடிபெயர்ந்து கல்லூரிகள் சிலவற்றில் கற்பித்தார். பாடத்திட்டத்தின் மூலையில் சில மணி நேரம் ஒதுக்கித் தந்தால் இக்கலை வளராது, தனித்துறையாகக் கற்பிக்க வேண்டும் என்று ஓயாது வற்புறுத்தினார். கல்லூரியார் செவிசாய்க்கவில்லை. சினந்து வெளியேறியவர், 1900-இல் தம் பெயராலேயே ஒரு பள்ளியைத் தொடங்கினார். இக்கலைக்கென்றே உலகில் எழுந்த முதற் பள்ளி அதுவே. அதே காலத்தில் அமெரிக்கப் பல்வரிசை மருத்துவர் சங்கமும் அவரைத் தலைவராகக் கொண்டு எழுந்தது. பள்ளி நிலையாக ஓரிடத்தில் இருந்ததில்லை. செயின்ட் லூயிஸிலிருந்து நியூயார்க்கு, அங்கிருந்து நியூ லண்டன், பிற்காலத்தில் கலிபோர்னியாவின் பாசடீனா என்று ஆசிரியர் சென்றவிடமெல்லாம் பள்ளியும் சென்றது.

மாணவரைத் தேர்ந்தெடுப்பதில் அவர் மிகக் கடியவர். பொதுத் தொழிலை அடியோடு விட்டு வருவாரையே விரும்பினார். தம் கொள்கையை ஐயுற்றாரை மன்னியார். பல நாள் நண்பரோடும் ஒரு கடிதத்தில் முறித்துக்கொள்வார். பெருந்தன்மை இவரிடம் நிறைந்திருந்தது என்று எழுத எம் கை துணியவில்லை. ஆயினும் அன்பு கொண்டாரிடத்து அவர் காட்டிய அன்பும் அளவற்றது. அவரால் வெளியேற்றப்பட்டோரும் அவர் கற்பித்ததை மறுத்ததில்லை. அன்னா ஹாப்கின்ஸ் என்னும் பெண்மணி முதலில் அவர்தம் செயலாளராக இருந்து, பின் தாமும் பல் மருத்துவப் பட்டம் பெற்று, 1908-இல் அவரை மணந்தார். கணவரின் எழுத்துக்களைச் செப்பனிட்டும் மாணவர்களைத் தாய்போல் ஓம்பியும் அப்பள்ளியைத் தாங்கியவர் அவரே என்பர்.

இனி அவர் வாழ்க்கையின் நடுவண் நின்ற பெரும்பூசலுக்கு வருவோம். பற்களுக்கு இடம் போதாதவழி ஒன்றிரண்டைப் பிடுங்கலாமா, ஆகாதா? தம் நூலின் ஆறாம் பதிப்பில் ஆங்கிளும் சில இடங்களில் பிடுங்குதற்கு உடன்பட்டிருந்தார். ஏழாம் பதிப்பில் முற்றிலும் மாறிவிட்டார். இறைவன் படைப்பில் ஒவ்வொரு பல்லுக்கும் இடமும் வேலையும் உண்டு. முழுப் பல்வரிசையும் பொருந்தி நின்றாலன்றி மெல்லுதலும் நிறைவெய்தாது, முகமும் அழகுறாது என்பது அவர் துணிபு. இடம் எங்கிருந்து வரும் என்பார்க்கு அவர் தந்த விடை, ஜெர்மானிய அறிஞர் யூலியஸ் வுல்ஃப் கண்ட உண்மை. எலும்பு தான் தாங்கும் சுமைக்கேற்பத் தன் அமைப்பை மாற்றிக்கொள்ளும் என்றார் வுல்ஃப். அங்ஙனமாயின், பற்களை விரித்து முறைப்படி நிறுத்திவிட்டால், மெல்லும் விசையே தாடையெலும்பை வளர்த்து அவற்றிற்கு இடந்தரும் என்று ஆங்கிள் முடிவு கட்டினார்.

முக அழகைப் பற்றிய கதை இன்னும் சுவையுடையது. முதலில் அவர் அப்பல்லோ என்னும் பழம் உரோமச் சிலையின் முகத்தையே மாந்தர் முகங்களுக்கெல்லாம் அளவாகக் கொண்டிருந்தார். அதிற் கண்ட கோடுகளை எல்லார்க்கும் பொருந்தும் விதியாக்க விரும்பி, எட்மண்டு உவர்ப்பெல் என்னும் ஓவியப் பேராசிரியரை அடுத்தார். அவரோ நகைத்தார். மக்கள் முகங்கள் எத்துணையோ வகையின. அழகும் அத்துணை வகையினது. ஒரு சிலையைக் காட்டி உலகை அளக்கலாகாது என்று விளக்கினார். ஆங்கிள் எளிதில் தோற்பவரல்லர். ஆயினும் இங்குத் தோற்றார். உவர்ப்பெலைத் தம் பள்ளியிலேயே அழகுக்கலை கற்பிக்கவும் செய்தார். எம்மைப்போன்ற கீழ்த்திசையார்க்கு இச்செய்தி இனிப்பதொன்று. எனினும் அத்தோல்வியிலிருந்தும் அவர் தம் கொள்கைக்கே அரண் தேடிக்கொண்டது காண்க: ஒவ்வொரு முகத்தின் அழகும் தனித்தனியாயின், அதனை அறிய ஒரே வழி, அவ்வாயில் எல்லாப் பற்களையும் விட்டு, முறைப்படி நிறுத்திப் பார்ப்பதே என்றார்.

இதனை மறுத்து எழுந்தவர் சிகாகோ நகரத்துக் கால்வின் கேஸ் என்பார். இருவர்க்கும் பழம்பகையும் உண்டு. மேல் கீழ்த் தாடைகளுக்கிடையே இரப்பர் வளையம் பூட்டி இழுக்கும் உத்தியை ஆங்கிள் பாஸ்டன் நகரத்துப் பேக்கர் என்பாரின் பெயரால் வழங்க, அதனைத் தாமே முன்னர்க் கையாண்டதாகக் கேஸ் வழக்காடினார். எல்லா வாயிலும் பிடுங்க வேண்டும் என்று கேஸ் கூறவில்லை. பற்களை விரித்தால் உதடு துருத்தி முகங்கெடும் சிலர்க்கே அது வேண்டும் என்றார். 1911-ஆம் ஆண்டில் தேசியப் பல் மருத்துவ சங்கத்தின் முன் இப்பொருள்மேல் பெருஞ்சொற்போர் நிகழ்ந்தது. ஆங்கிளின் பக்கத்தை அவர் மாணவராயிருந்த மார்ட்டின் டூயி வாதித்தார். கேஸ் கூறியவை அளவானவை, காரணங்காட்டிக் கூறியவை. ஆயினும் அன்று காற்று ஆங்கிளின் பக்கமே வீசிற்று. அடுத்த கால் நூற்றாண்டில் அமெரிக்காவில் வரிசைக்காகப் பல் பிடுங்குதல் ஏறக்குறைய மறைந்தேபோயிற்று.

அக்காலமெல்லாம் அவர் கை ஓயவில்லை. அவருடைய முதற் பெருவில் பற்களைச் சாய்க்க வல்லதேயன்றி, வேரோடு நிறுத்த வல்லதன்று. 1910-ஐ ஒட்டி ஒவ்வொரு பல்லிலும் குழாயும் முளையும் அமைத்தார். அது நுண்ணியதாயினும் கையாளுதற்கு அரிது. சில ஆண்டுகளிற் பட்டைக்கம்பி முறை வந்தது. அதிலும் கடைவாய்ப்பற்களின் வேர் வசப்படவில்லை. எழுபதாம் வயதில், 1925-இல், அப்பட்டைக்கம்பியைத் தொண்ணூறு பாகை திருப்பி, விளிம்பு உள்நோக்க நிறுத்தினார். பல்லில் ஒட்டிய சிறு தாங்கியில் வெட்டிய நாற்கோணப் பள்ளத்தில் நாற்கோணக் கம்பி புகுந்து பொருந்தியது. உருண்டைக் கம்பி பள்ளத்திற் சுழலும். நாற்கோணக் கம்பியோ சுழலாது பல்லை முறுக்கும். அதனால் பல்லை முன்பின்னும், மேல்கீழும், வேரைச் சாய்த்தும் ஒரே கம்பியால் ஆளலாம். முப்பதுக்கு மேற்பட்ட காப்புரிமைகள் பெற்றவரின் கடைசிப் பெரும்படைப்பு இதுவே. இதனை அவர் 1928-இல் விரித்தெழுதத் தொடங்கினார். 1930 ஆகஸ்டு 11-ஆம் நாள் கலிபோர்னியாவில் சாண்டா மானிகாவில் தம் எழுபத்தைந்தாம் வயதில் இறந்தார். அவர் பெயர் தாங்கிய காலாண்டிதழ் ஒன்றை மாணவர்கள் தொடங்கினர். அவ்விதழ் இன்றும் வெளிவருகின்றது.

அவரிடம் பாசடீனாவிற் பயின்றோருள் இருவரைக் குறித்தல் வேண்டும். ஒருவர் ரேமண்டு பெக். ஆஸ்திரேலியாவின் அடிலெய்டு நகருக்கு மீண்டு, ஆசிரியர் உயிரோடிருக்கையிலேயே பல் பிடுங்கலானார். மற்றவர் அரிசோனாவின் சார்லஸ் டுவீடு. ஆசிரியரின் இறுதி நாட்களில் அருகிருந்து, அவரால் பெரிதும் நம்பப்பட்டவர். அவர் வகுத்த முறையைச் சில ஆண்டுகள் எழுத்துப் பிசகாது பின்பற்றியவர். ஆயின் தாம் முடித்த நோயாளிகளைத் திரும்ப அழைத்து ஆராய்ந்தபொழுது அவர் கண்டதென்ன? பலருக்குப் பற்கள் மீண்டும் நெருங்கியிருந்தன. பலருக்கு உதடுகள் முன்னே துருத்தி முகம் பொலிவிழந்திருந்தது. வளருமென்ற எலும்பு வளரவில்லை. டுவீடு அவர்களுட் பலருக்கு முன்கடைவாய்ப்பற்கள் நான்கை எடுத்துவிட்டு, கூலி பெறாமல், முதலிலிருந்து மறுபடியும் கம்பி பூட்டினார். இதனை அறிந்த ஆங்கிள் அன்பர்கள் அவரைக் குருத்துரோகி என்றே தூற்றினர். அன்னா அம்மையாரும் பெரிதும் மனம் வருந்தினார். டுவீடு எதிர்வாதம் புரியவில்லை. 1940-ஆம் ஆண்டு மாநாட்டில், நூறு பேருடைய பல்லச்சுக்களை, பிடுங்காது முடித்ததும் பிடுங்கி முடித்ததுமாக, மேசைகளின் மேல் இணை இணையாகப் பரப்பி வைத்துவிட்டு ஒதுங்கி நின்றார். கண்டவர் தாமே முடிவு செய்துகொண்டனர்.

அதன்பின் பிடுங்குதல் ஒரு காலத்தில் அளவு கடந்து பெருகியதும், பின் குறைந்ததும், இன்று ஒவ்வொரு வாயையும் அளந்து முடிவு செய்வதே முறையாகியிருப்பதும் வேறு கதை. ஆங்கிளைப் பொறுத்தமட்டில் யாம் நினைந்து நினைந்து வியப்பது ஒன்று. ஆசிரியரின் முதற் கொள்கையை மறுத்த அந்நூறு வாய்களையும் டுவீடு நிமிர்த்தியது ஆசிரியர் தம் எழுபதாம் வயதில் திருப்பி நிறுத்திய அந்நாற்கோணக் கம்பியால்தான். பொன்னுக்கு மாறாக எஃகும் நிக்கல் டைட்டானியமும் வந்துவிட்டன. வளையத்திற்கு மாறாகத் தாங்கியைப் பல்லிலேயே ஒட்டும் பசை வந்துவிட்டது. கம்பியே இல்லாத தெளிந்த உறைகளும் வந்துவிட்டன. கம்பி கட்டுவாரின் தாங்கிகள் பலவற்றில் மட்டும், அங்குலத்தில் ஆயிரத்தில் இருபத்திரண்டு பங்கு உயரமும் இருபத்தெட்டுப் பங்கு ஆழமுமாக ஆங்கிள் வெட்டிய அப்பள்ளம் இன்றும் அவ்வளவிலேயே வெட்டப்படுகின்றது.